விதைநெல் மாதிரி எடுத்து வைக்கும் அணுக்கள்: புற்றுநோய் வந்த குழந்தையின் ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல் சேகரிப்பது ஏன்?

ஊரிலிருந்து போன் வருகிறது. "தம்பி, பாப்பாவுக்கு வயித்துல கட்டியாம்ப்பா. கும்பகோணத்துல ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டு மெட்ராஸுக்குப் போகச் சொல்லிட்டாங்க. அங்க ஸ்டெம் செல் எடுக்கணும்ங்கறாங்க. அப்படின்னா என்ன? ஏற்கெனவே புள்ளைக்கு ரத்தம் கம்மி, இன்னும் எடுத்தா தாங்குமா?"

வலங்கைமான், பாபநாசம், குடவாசல் என்று டெல்டாவில் எந்த ஊராக இருந்தாலும், குடும்பத்தில் படித்து வெளியூரில் வேலை பார்ப்பவர் நீங்கள் என்றால் இந்தக் கேள்வி உங்களிடம்தான் வரும். இணையத்தில் தேடினால் பாதி விளம்பரம், மீதி பயமுறுத்தல். அதனால் அடிப்படையிலிருந்து பார்த்துவிடுவோம்.

சுருக்கமாகச் சொன்னால் இதுதான். சேகரிக்கும் ஸ்டெம் செல் கட்டியைக் கரைக்கும் மருந்து இல்லை. மிக வலுவான கீமோ கொடுத்த பிறகு குழந்தையின் ரத்த உற்பத்தியை மீட்டுத் தரும் சேமிப்பு அது. அந்தச் சேமிப்பை எடுக்க ஒரு நேரம் இருக்கிறது. அது தவறினால் மறுபடி கிடைப்பது கஷ்டம்.

எந்தக் குழந்தைகளுக்கு இது தேவை?

குழந்தைப் புற்றுநோய் என்றதும் பலருக்கும் ரத்தப் புற்றுநோய்தான் ஞாபகம் வரும். இங்கே பேசுவது உறுப்புகளில் கட்டியாக வளரும் வகைகளைப் பற்றி. அவற்றில் முக்கியமானது நியூரோபிளாஸ்டோமா. கருவில் நரம்பு மண்டலம் உருவாகும்போது இருந்த அணுக்களிலிருந்து கிளம்பும் கட்டி இது. பெரும்பாலும் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் தொடங்கும். பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் 5 வயதுக்குக் கீழே.

நியூரோபிளாஸ்டோமா வந்த எல்லாக் குழந்தைக்கும் இந்தச் சிகிச்சை வேண்டாம். கைக்குழந்தைகளில் சில கட்டிகள் தானாகவே சுருங்கி மறைவதும் உண்டு. 18 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு எலும்பு, மஜ்ஜை என்று நோய் பரவியிருந்தாலோ, கட்டியில் 'மைக்-என்' என்ற மரபணு பலமடங்கு பெருகியிருந்தாலோ டாக்டர்கள் அதை 'அதிக ஆபத்து' வகையில் சேர்ப்பார்கள். ஸ்டெம் செல் சேகரிப்பு பெரும்பாலும் இவர்களுக்குத்தான்.

சிறு குழந்தைகளுக்கு வரும் சில மூளைக் கட்டிகள், திரும்பி வந்த ஜெர்ம் செல் கட்டி, கண்ணைத் தாண்டிப் பரவிய ரெட்டினோபிளாஸ்டோமா, எலும்பில் வரும் யூயிங் சார்கோமாவில் சில வகைகள் ஆகியவற்றிலும் இது பயன்படுகிறது. மூன்று வயதுகூட ஆகாத குழந்தையின் மூளைக்குக் கதிர்வீச்சு கொடுப்பதைத் தள்ளிப்போடவோ தவிர்க்கவோ இந்த வழி உதவும்.

கீமோ கொடுக்கிறார்களே, இது எதற்குக் கூடுதலாக?

வழக்கமான கீமோவில் கட்டி சுருங்கும். ஆனால் அதிக ஆபத்து வகையில் கண்ணுக்கோ ஸ்கேனுக்கோ தெரியாத மிச்சம் உடம்பில் தங்கிவிடும். அந்த மிச்சத்தை அழிக்க மருந்தின் அளவைப் பல மடங்கு கூட்ட வேண்டும். அந்த அளவு எலும்பு மஜ்ஜையையும் சேர்த்து அழித்துவிடும்.

மஜ்ஜை ஒரு நாற்றங்கால் மாதிரி. சிவப்பணு, வெள்ளணு, தட்டணு எல்லாம் அங்கேதான் முளைத்து ரத்தத்துக்கு வருகின்றன. அது அழிந்தால் நோய்த்தொற்றை எதிர்க்க ஆள் இல்லை, ரத்தக் கசிவை நிறுத்தவும் ஆள் இல்லை. குழந்தை பிழைக்காது.

டெல்டாவில் விதைநெல்லை வைக்கோலில் பொதிந்து கோட்டை கட்டி வைப்பார்கள். வயல் மூழ்கினாலும் அடுத்த நாற்றுக்கு அது இருக்கும். மருத்துவர்கள் செய்வதும் அதுதான். கீமோ வெள்ளம் வருவதற்கு முன்பே குழந்தையின் ரத்த ஸ்டெம் செல்களை, அதாவது குருத்தணுக்களை, எடுத்து உறைய வைத்துவிடுகிறார்கள். கீமோ முடிந்ததும் அதே குழந்தைக்கு அவற்றைத் திருப்பித் தருகிறார்கள். அவை தாமாகவே மஜ்ஜைக்குப் போய்ச் சேர்ந்து மறுபடி முளைக்கின்றன.

உண்மையிலேயே பலன் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் எவ்வளவு என்று தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 1999-ல் வெளியானது. மாற்று சிகிச்சைக்குத் தேர்வான குழந்தைகளில் 100-க்கு 34 பேர் மூன்று ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தார்கள். வழக்கமான கீமோவைத் தொடர்ந்தவர்களில் அது 22 பேர்.

பிறகு இதையே அடுத்தடுத்து இரண்டு முறை செய்து பார்த்தார்கள். 2019-ல் வெளியான முடிவில், ஒருமுறை செய்தவர்களில் சுமார் 48 சதவீதம் பேரும், இருமுறை செய்தவர்களில் சுமார் 62 சதவீதம் பேரும் மூன்று ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தனர். மொத்த உயிர்வாழ்வில் அதே அளவு வித்தியாசம் உறுதியாகவில்லை. அதனால் ஒன்றா இரண்டா என்பதை ஒவ்வொரு மையமும் குழந்தையின் நிலையைப் பார்த்து முடிவு செய்கிறது.

இந்தச் சிகிச்சை முடிந்தாலும் கதை முடிவதில்லை. கதிர்வீச்சு இருக்கும். அதன் பிறகு பல மாதங்களுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை இருக்கும். முகப்பருவுக்குக் கொடுக்கும் அதே மருந்துதான். 1999 ஆய்வே அதன் பலனையும் காட்டியது. வெளிநாடுகளில் இதோடு ஜிடி2 எதிர்ப்பு நோயெதிர்ப்பு மருந்தும் தருகிறார்கள். அதன் விலை நம் ஊர்க் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

எப்படி எடுக்கிறார்கள்? எலும்பைக் குடைவார்களா?

முன்பு இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜையை உறிஞ்சுவார்கள். இப்போது பெரும்பாலும் ரத்தத்திலிருந்தே எடுக்கிறார்கள்.

சாதாரண நாளில் ரத்தத்தில் ஸ்டெம் செல் மிகமிகக் குறைவு. அதனால் அவற்றை மஜ்ஜையிலிருந்து வெளியே வரவழைக்க வேண்டும். ஒரு சுற்று கீமோ முடிந்ததும் 'ஜி-சிஎஸ்எஃப்' என்ற ஊசியைத் தோலுக்கு அடியில் தினமும் போடுவார்கள். மஜ்ஜை வேகமாக வேலை செய்யத் தொடங்கும், ஸ்டெம் செல்கள் ரத்தத்துக்குள் இறங்கும். அந்த நாட்களில் குழந்தை கால் வலி, இடுப்பு வலி என்று அழலாம். பெரும்பாலும் பாராசிட்டமாலுக்கே கேட்கும்.

பிறகு கழுத்திலோ தொடை இடுக்கிலோ உள்ள பெரிய ரத்தக் குழாயில், மயக்கம் கொடுத்து, இரட்டைக் குழாய் ஒன்றைப் பொருத்துவார்கள். ஒரு வழியாக ரத்தம் அஃபெரிசிஸ் இயந்திரத்துக்குப் போகும். இயந்திரம் அதைச் சுழற்றி, ஸ்டெம் செல் இருக்கும் அடுக்கை மட்டும் பிரித்து ஒரு பையில் சேர்க்கும். மற்றதெல்லாம் இன்னொரு வழியாகக் குழந்தைக்கே திரும்பிவிடும்.

"ரத்தம் கம்மி, இன்னும் எடுக்கணுமா?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான். உடம்பின் ரத்தம் முழுவதும் இயந்திரத்தின் வழியாக இரண்டு மூன்று முறை சுற்றி வரும். கடைசியில் பையில் தங்குவது சிறிதளவுதான். ஒரு அமர்வு நான்கு முதல் ஆறு மணி நேரம் எடுக்கும். போதுமான அணுக்கள் கிடைக்காவிட்டால் மறுநாளும் தொடரும்.

எவ்வளவு வேண்டும்? குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் அணுக்கள். 50 லட்சம் கிடைத்தால் டாக்டர்கள் நிம்மதியாவார்கள். 10 கிலோ குழந்தைக்கு 2 கோடி முதல் 5 கோடி. இருமுறை மாற்று சிகிச்சை என்றால் அதற்கும் சேர்த்து எடுக்க வேண்டும். 'சிடி34' என்ற அடையாளத்தை வைத்து இவற்றை எண்ணுகிறார்கள். ரிப்போர்ட்டில் அந்தப் பெயரைப் பார்த்தால் இதுதான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

சின்ன உடம்பு, பெரிய இயந்திரம்

இந்த வேலையில் உண்மையான சிரமம் இங்கேதான். குழந்தையின் உடம்பில் ஒரு கிலோவுக்குச் சுமார் 75 முதல் 80 மில்லி ரத்தம் இருக்கும். 10 கிலோ என்றால் மொத்தமே 750 முதல் 800 மில்லி. இயந்திரத்தின் குழாய்களுக்குள் எந்த நேரமும் 150 முதல் 250 மில்லி ரத்தம் நின்றுகொண்டிருக்கும். வளர்ந்தவருக்கு அது பொருட்டில்லை. இந்தக் குழந்தைக்கோ உடம்பின் கால் பங்கு ரத்தம் வெளியே போய்விட்ட மாதிரி. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும்.

அதனால் சிறு குழந்தைகளுக்கு இயந்திரத்தின் குழாய்களை முதலிலேயே தானமாகப் பெற்ற சிவப்பணுக்களால் நிரப்பிவிட்டுத்தான் தொடங்குவார்கள். அந்த ரத்தமும் கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட்டதாக இருக்க வேண்டும். தானம் தந்தவரின் நோயெதிர்ப்பு அணுக்கள் சேகரிப்பில் கலந்துவிடக் கூடாது.

இன்னொரு சிக்கல் கால்சியம். குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க சிட்ரேட் சேர்ப்பார்கள். அது ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பெரியவர்கள் "உதடு மரத்துப்போகுது டாக்டர்" என்று சொல்லிவிடுவார்கள். இரண்டு வயதுக் குழந்தை எப்படிச் சொல்லும்? அழும், வாந்தி எடுக்கும், சும்மா சுருண்டு படுக்கும். அதனால் கால்சியம் மருந்தைத் தொடர்ந்து ஏற்றிக்கொண்டே அளவையும் பார்த்தபடி இருக்க வேண்டும். அஃபெரிசிஸ் இயந்திரம் இருந்தால் மட்டும் போதாது, சிறு குழந்தைகளுக்குச் செய்து பழகிய குழு வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

எடுத்த ரத்தத்தில் புற்றணுவும் வந்துவிடாதா?

நியாயமான சந்தேகம். நியூரோபிளாஸ்டோமா மஜ்ஜை வரை பரவும் நோய். அதனால் முதல் சில சுற்று கீமோவில் மஜ்ஜை ஓரளவு சுத்தமான பிறகுதான் சேகரிப்பார்கள். சேகரித்ததை ஆய்வகத்தில் மேலும் வடிகட்டினால் பலன் கூடுமா என்றும் பார்த்தார்கள். 2013-ல் வெளியான ஆய்வில், வடிகட்டிய குழுவில் 40 சதவீதமும் வடிகட்டாத குழுவில் 36 சதவீதமும் ஐந்து ஆண்டுகள் நோயின்றி இருந்தனர். புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை. அதனால் அந்தக் கூடுதல் வேலை இப்போது வழக்கத்தில் இல்லை.

'அப்புறம் பார்த்துக்கலாம்' ஏன் ஆபத்து?

சீக்கிரமே எடுத்தால் மஜ்ஜையில் நோய் மிச்சம் இருக்கும். தாமதமாக எடுத்தால், சுற்றுக்கு மேல் சுற்றாகக் கீமோ வாங்கிய மஜ்ஜை களைத்துப்போயிருக்கும். கதிர்வீச்சும் பட்டிருந்தால் இன்னும் மோசம். ஊசி போட்டாலும் அணுக்கள் இறங்காது. அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய்க் குழுவின் சிகிச்சைத் திட்டங்களில் இரண்டாவது சுற்றுக்குப் பிறகே சேகரிப்பு வந்துவிடுகிறது. ஐரோப்பியத் திட்டங்களில் கொஞ்சம் தள்ளி வருகிறது.

சரியான சுற்று வந்த பிறகும், சரியான நாள் என்று ஒன்று இருக்கிறது. கீமோவில் கீழே இறங்கிய வெள்ளணு மேலே ஏறத் தொடங்கும் ஓரிரு நாளில்தான் ரத்தத்தில் ஸ்டெம் செல் உச்சத்தில் இருக்கும். தினமும் ரத்தப் பரிசோதனை செய்து அந்த நாளைப் பிடிப்பார்கள்.

"கவுண்ட் ஏற நாலு நாள் ஆகும்ங்கறாங்க, அதுக்குள்ள ஊருக்குப் போய் அறுப்பைப் பார்த்துட்டு வந்துடறோம்" என்று கிளம்புவது சகஜம். கூலி போனால் அந்த வாரச் சாப்பாடு போகும், கிளம்புவதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் ஊசி ஒருநாள் விட்டுப்போனாலோ திரும்பி வருவது இரண்டு நாள் தள்ளினாலோ அந்த வாய்ப்பு கைநழுவும். இந்த ஒரு வாரம் மட்டும் அறுப்பையும் மாட்டையும் பார்த்துக்கொள்ள ஊரில் யாராவது பொறுப்பேற்றால், அதுவே அந்தக் குழந்தைக்குச் செய்யும் சிகிச்சை.

அணுக்கள் போதவில்லை என்றால் பிளெரிக்ஸாஃபர் என்ற மருந்து இருக்கிறது. மஜ்ஜையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்டெம் செல்லின் பிடியை அது விடுவிக்கும். ஐரோப்பாவில் 2019 முதல் ஒரு வயதுக்கு மேற்பட்ட கட்டி நோய்க் குழந்தைகளுக்கும் இதற்கு அனுமதி உண்டு. விலை அதிகம் என்பதால் தேவைப்பட்டால்தான் கொடுப்பார்கள்.

எடுத்த பிறகு என்ன நடக்கும்?

பையில் சேர்ந்த அணுக்கள் உடையாமல் இருக்க டிஎம்எஸ்ஓ என்ற திரவம் சேர்த்து, மெதுவாகக் குளிர்வித்து, திரவ நைட்ரஜன் தொட்டியில் வைப்பார்கள். மாற்று சிகிச்சை நாளில் வெதுவெதுப்பான நீரில் உருக்கி, ரத்தம் ஏற்றுவது போலவே குழந்தைக்கு ஏற்றுவார்கள். ஆபரேஷன் எதுவும் இல்லை. டிஎம்எஸ்ஓ காரணமாக அறையில் ஒருநாள் பூண்டு மாதிரி வாடை அடிக்கும், பயப்பட வேண்டாம்.

கடினமான நாட்கள் அதன் பிறகுதான். வெள்ளணு கிட்டத்தட்ட பூஜ்ஜியத்துக்கு இறங்கும். வாய் முழுக்கப் புண், காய்ச்சல், சாப்பிட முடியாமை. ரத்தமும் தட்டணுக்களும் திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும். காற்றை வடிகட்டும் தனி அறை, ஒரே ஒரு துணையாள். பொதுவாக 10 முதல் 14 நாளில் புதிய அணுக்கள் தலைகாட்டும்.

எல்லாக் குழந்தையும் இதைத் தாண்டிவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நோய்த்தொற்றிலோ கல்லீரல் ரத்தக் குழாய் அடைப்பிலோ சிலரை இழக்க நேர்கிறது. பிழைத்த குழந்தைகளுக்கும் காது கேட்கும் திறன், வளர்ச்சி, பிற்காலத்தில் குழந்தைப்பேறு ஆகியவற்றில் பாதிப்பு வரலாம். போட்ட தடுப்பூசிகளை மறுபடி போட வேண்டும். இதையெல்லாம் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது பெற்றோரின் உரிமை.

அண்ணன், அக்கா யாராவது தர வேண்டுமா? தொப்புள்கொடி சேமிக்கவில்லையே?

இரண்டுமே தேவையில்லை. இது குழந்தையின் சொந்த அணு. 'மேட்ச்' பார்க்கும் வேலையே இல்லை. சென்னையில் 2009-ல் தொடங்கிய 'தாத்ரி' போன்ற கொடையாளர் பதிவேடுகள் ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்றவற்றுக்கு மிகவும் தேவை. கட்டி நோய்க்கு அந்தத் தேடல் பொதுவாக வராது. "தொப்புள்கொடி ரத்தத்தைச் சேர்த்து வைக்காம விட்டுட்டோமே" என்று தாய் தன்னைத்தானே நொந்துகொள்ளவும் வேண்டாம்.

ஸ்டெம் செல் என்ற பெயரில் வரும் விளம்பரங்களிடம் மட்டும் கவனம். ஆட்டிசம், மூட்டுவலி, பக்கவாதம் என எல்லாவற்றுக்கும் ஸ்டெம் செல் ஊசி என்று விற்கிறார்கள். ரத்த ஸ்டெம் செல் மாற்று மட்டுமே, அதுவும் ஏற்கப்பட்ட நோய்களுக்கு மட்டுமே, நிரூபிக்கப்பட்ட சிகிச்சை என்றும், மற்றவை ஆய்வாக மட்டுமே நடக்கலாம் என்றும் ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது.

வலங்கைமானிலிருந்து எங்கே போவது? பணம்?

இந்தியாவில் மஜ்ஜை மாற்று சிகிச்சை மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983-லும், வேலூர் சி.எம்.சி.யில் 1986-லும் தொடங்கியது. இன்று சென்னையிலும் வேலூரிலும் இதைச் செய்யும் மையங்கள் உண்டு. டெல்டாவிலிருந்து போகிறவர்களுக்கு மாதக்கணக்கில் வெளியூர் வாசம் என்றே அர்த்தம். குழந்தையோடு ஒருவர், ஊரில் மற்ற பிள்ளைகளோடு ஒருவர் என்று குடும்பம் இரண்டாகப் பிரியும். மருந்து கிடைத்தும் இந்தச் சுமை தாங்காமல் சிகிச்சையைப் பாதியில் விடுவது ஏழை நாடுகளில் பெரிய பிரச்சினை. பணக்கார நாடுகளில் புற்றுநோய்க் குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள், பல ஏழை நாடுகளில் 30 சதவீதத்துக்கும் கீழே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உதவிகள் சில இருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குக் கீழ் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஸ்டெம் செல் மாற்று போன்ற உயர் சிகிச்சைகளுக்குத் தனித் தொகுப்பு நிதியும் இருக்கிறது. எந்த மையத்தில், எந்தப் பகுதி வரை என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரிலோ 1800 425 3993 என்ற இலவச எண்ணிலோ முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம்.

கும்பகோணத்தில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலை சென்னை. மருத்துவமனை தரும் படிவம் இருந்தால் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை, உடன் போகிறவருக்கு 75 சதவீதம். தங்குவதற்கு, செயின்ட் ஜூட்ஸ் இந்தியா சைல்ட்கேர் சென்டர்ஸ் போன்ற அமைப்புகள் வேலூர் உட்படப் பல ஊர்களில் இலவச இல்லங்கள் நடத்துகின்றன. மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேட்டால் வழி சொல்வார்.

வலங்கைமான் மாரியம்மன் கோயிலில் பங்குனியில் பாடைக்காவடி எடுப்பார்கள். கொடிய நோயிலிருந்து பிழைத்தவர்கள், வேண்டிக்கொண்டபடி பாடையில் படுத்துக் கோயில் வரை போய் எழுந்து வருவார்கள். சாவின் விளிம்பு வரை போய்த் திரும்புவது என்றால் என்ன என்று அந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேண்டுதல் மனசுக்குத் தெம்பு. வேண்டிக்கொண்ட கையோடு ரயிலும் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஒன்று, அறிகுறி தெரிந்திருக்கட்டும். வயிறு ஒரு பக்கம் கெட்டியாக வீங்குவது, கண்ணைச் சுற்றி அடிபடாமலே கருநீலம் படர்வது, நன்றாக நடந்த குழந்தை நொண்டுவது, காரணமில்லாத காய்ச்சல், வெளிறிப்போவது. "வயித்துல பூச்சியா இருக்கும்" என்று மாதக்கணக்கில் தள்ளாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டு, சிகிச்சை தொடங்கும் முதல் வாரத்திலேயே டாக்டரிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

- நோய் எந்த ஆபத்துப் பிரிவு? மைக்-என் பரிசோதனை செய்தாயிற்றா?
- மாற்று சிகிச்சை தேவைப்படுமா? தேவை என்றால் எந்தச் சுற்றுக்குப் பிறகு ஸ்டெம் செல் எடுப்பீர்கள்?
- இந்த எடையுள்ள குழந்தைக்கு இங்கேயே எடுக்க முடியுமா, வேறு மையம் போகணுமா?
- எவ்வளவு நாள் தங்கணும்? காப்பீடு எதுவரை?

மூன்று, ரத்தமும் தட்டணுக்களும் தானம் செய்யுங்கள். சென்னையில் வேலை பார்க்கும் நீங்கள் ஒரு மதியம் ஒதுக்கித் தட்டணு கொடுத்தால், வாய்ப்புண்ணோடு தனி அறையில் படுத்திருக்கும் ஏதோ ஒரு குழந்தைக்கு அது அன்று மாலையே போய்ச் சேரலாம்.

கடைசியாக, அந்தப் போனுக்குத் திரும்பக் கூப்பிடும்போது சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அக்கா, ரத்தத்தை எடுத்துட்டுப் போயிட மாட்டாங்க. பாப்பாவோட அணுவையே எடுத்துப் பத்திரமா வச்சு, அவளுக்கே திருப்பிக் கொடுப்பாங்க. ஆனா தேதி சொன்னா அந்தத் தேதிக்கு அங்க இருக்கணும். வயலை நாங்க பார்த்துக்கறோம், நீ புள்ளையைப் பாரு."